மேய்ச்சல்வெளிக் குதிரைக் கொட்டகையின் தரை

மேய்ச்சல்வெளிக் குதிரைக் கொட்டகை என்பது புல்வெளியில் விடப்பட்ட குதிரைகள் மழை, காற்று, கோடைக்கால ஈக்கள் ஆகியவற்றுக்கு ஒதுங்குவதற்காக மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்து அமைக்கப்படும் கூரைக் கட்டடம். பிரிட்டனில் இது பரவலாகக் காணப்படுகிறது. லாயத்தைப் போல இதற்குக் கதவில்லை. குதிரை நினைத்தபோது வரும், போகும். அதனால் வெளிச்சேறும் அதனுடன் உள்ளே வரும். இத்தரையை உலர்வாக வைப்பது, மேலே பரப்பும் படுக்கையைவிட, நீர் வரும் வழிகளை அடைப்பதையும் வந்த நீர் வடிவதையுமே பெரிதும் பொறுத்தது.

உலர்வின் தேவை

குதிரை நின்றபடியே உறங்கக்கூடியது. ஆனால் ஆழ்ந்த விழியசைவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் அரை மணி நேரம் இத்தூக்கம் தேவை. ஈரத்தரையில் படுக்கக் குதிரை தயங்கும். இடைவிடாத ஈரம் குளம்பின் அடிப்பகுதியை ஊறவைத்து, துர்நாற்றத்துடன் கூடிய குளம்பு அழுகலுக்கு இடம் தரும். சேற்றில் ஊறிய கணுக்கால் தோலில் டெர்மட்டோபிலஸ் என்னும் பாக்டீரியாவால் பொருக்குப் புண்கள் தோன்றலாம். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது எழும் அம்மோனியா மூச்சுக்குழாயை உறுத்தும். வறண்ட நிலங்களில் தோன்றிய கழுதைகளுக்கு ஈரம் இன்னும் ஆகாது. அவற்றின் உரோமம் குதிரையின் உரோமம் அளவுக்கு மழைநீரைத் தடுப்பதில்லை.

ஈரம் வரும் வழிகள்

நீர் நான்கு வழிகளில் தரையை அடைகிறது: கூரையிலிருந்து வழிவது, மேட்டிலிருந்து மண்மேலும் மண்ணுக்குள்ளும் ஓடிவருவது, குளம்புகள் சுமந்து வருவது, குதிரையின் சிறுநீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். இக்கணக்கில் 7.2 மீட்டருக்கு 3.6 மீட்டர் அளவுள்ள கூரையில் 10 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 260 லிட்டர் வழியும். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் பத்து லிட்டரை ஒட்டியே இருக்கும். எனவே மழைக்காலத்தில் கூரைநீரைக் கவனிப்பதே முதல் வேலை.

இடமும் திசையும்

நிலத்தின் மேடான, வடியும் பகுதியே கொட்டகைக்கு ஏற்றது. பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் பின்சுவர் அத்திசையைப் பார்த்தும், திறந்த முகப்பு கிழக்கு அல்லது வடகிழக்கைப் பார்த்தும் இருந்தால் சாரல் உள்ளே அடிக்காது. இடத்துக்கு இடம் குன்றும் மரவரிசையும் காற்றைத் திருப்பிவிடும் என்பதால், அங்கு வீசும் காற்றைப் பார்த்தே திசையை முடிவு செய்ய வேண்டும்.

கூரைநீரும் வடிகாலும்

கூரைச் சரிவைப் பின்புறமாக விட்டால் முகப்பில் நீர் கொட்டாது. விளிம்பில் மழைநீர்க் குழாய் பொருத்தி, நீரைத் தொட்டியிலோ தொலைவிலுள்ள வாய்க்காலிலோ சேர்ப்பது வழக்கம். சரிவான நிலமாயின் மேட்டுப் பக்கத்தில் குறுக்கே பள்ளம் தோண்டி, துளையிட்ட குழாயை இட்டு, ஜல்லியால் நிரப்பி நீரைத் திருப்புவர். இவ்வகை மூடிய வடிகாலைப் பண்ணையாளரிடையே பரப்பியவர் அமெரிக்கரான ஹென்றி பிளாக் பிரெஞ்ச். பண்ணை வடிகால் பற்றிய அவரது நூல் 1859இல் வெளிவந்தது.

தரை அடுக்குகள்

வெறும் மண்தரை மணற்பாங்கான, மேடான நிலத்தில் மட்டுமே தாக்குப்பிடிக்கும். களிமண்ணில் குளம்புகள் மிதிக்க மிதிக்க மண்ணின் துளைகள் அடைபட்டு, நீர் இறங்காமல் சேறாகிவிடும். அங்கே மேல்மண்ணை அகற்றி, மண்ணையும் கல்லையும் பிரிக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. வரை பெருஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்குவர். மேலே சிறுஜல்லி நிரப்பி மட்டம் செய்வர். துணி இல்லாவிட்டால் ஜல்லி சேற்றில் அமிழும், சேறு மேலே பிதுங்கும்.

இதில் இரண்டு தவறுகள் பரவலானவை. முதலாவது, தோண்டிய பள்ளத்தைச் சுற்றுமட்டத்துக்கு மட்டும் நிரப்புவது. களிமண் நீரை உறிஞ்சாததால் அப்பள்ளம் குளமாக நிற்கும்; தரைமட்டம் வெளிநிலத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், பள்ளத்திலிருந்து நீர் வெளியேற வழியும் வேண்டும். இரண்டாவது, தூள் கலந்த ஜல்லியைப் போடுவது. தூள் இறுகிவிட்டால் சிறுநீர் கீழிறங்காது. சலித்த ஜல்லியே வடியும்.

ஜல்லியின்மேல் 12 முதல் 18 மி.மீ. கனமுள்ள ரப்பர் பாய்களையோ, துளைகளுள்ள பிளாஸ்டிக் சட்டங்களையோ பதிப்பதுண்டு. பாய்க்கடியில் சிறுநீர் தேங்குவதால் அவ்வப்போது தூக்கிக் கழுவ வேண்டும். கான்கிரீட் தளம் நீண்டகாலம் உழைக்கும், நீரைக் கீழே விடாது; ஆகவே முகப்பை நோக்கி வாட்டம் விட்டு, குளம்பு வழுக்காதபடி மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவர். இங்கிலாந்தில் நிலையான கொட்டகைக்கும் இத்தகைய தளத்துக்கும் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படும்.

குதிரைகள் வாசலில் கூடி நிற்கும் என்பதால் தரையமைப்பு சுவரோடு முடிவதில்லை. முகப்புக்கு வெளியேயும் சில மீட்டர் அகலத்துக்கு இதே ஜல்லித்தளத்தை நீட்டினால், குளம்பிலுள்ள சேறு அங்கேயே உதிரும்.

படுக்கை

மரச்சீவல், மரத்துகள் உருண்டை, கோதுமை வைக்கோல் ஆகியன வழக்கமான படுக்கைகள். வைக்கோல் மலிவானது, சீவலும் உருண்டையும் நன்கு உறிஞ்சும். கறுப்பு வால்நட் மரச்சீவல் குளம்பழற்சியை உண்டாக்குவதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். நீற்றுச் சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் என்பதால், ஈரத்தைப் போக்குவதற்காகக் குதிரை படும் இடத்தில் அதைத் தூவலாகாது.

பராமரிப்பு

லத்தியையும் நனைந்த படுக்கையையும் நாள்தோறும் அள்ளுவது, கூரைக் குழாயில் அடைத்த இலைகளை நீக்குவது, தேய்ந்த ஜல்லியை நிரப்புவது ஆகியவை தொடர் பணிகள். படுக்கையை மாற்றிய சில நாள்களிலேயே தரை மீண்டும் நனைந்தால், ஈரம் தோன்றும் இடம் காரணத்தைக் காட்டும். பின்சுவரோரம் நனைந்தால் மேட்டுநீரையும் கூரைக் குழாயையும் பார்க்க வேண்டும். முகப்பு நனைந்தால் சாரலையும் வாசல் சேற்றையும் கவனிக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் நனைந்தால், அடித்தளம் சிறுநீரை வடியவிடவில்லை என்று பொருள்.