கோவளம் முதல் காரங்காடு வரை: கடல் சுற்றுலாவில் புது வாய்ப்பு... மீனவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பீச்னா அலையில கால் நனைச்சு, சுண்டல் சாப்பிட்டு, செல்ஃபி எடுத்துட்டு வர்றதுதானா? கடலையும் கெடுக்காமல், கரையில் வாழும் மக்களுக்கும் வருமானம் தரும் சுற்றுலா தமிழகத்தில் மெல்ல வளர்ந்து வருகிறது. அது எப்படி இயங்குகிறது? சிக்கல் எங்கே? பார்க்கலாம்.

ப்ளூ ஃப்ளாக் என்றால் என்ன?

டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சான்றிதழ் இது. தண்ணீரின் தரம், குப்பை மேலாண்மை, பாதுகாப்பு என 33 விதிகளில் தேற வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2021ல் செங்கல்பட்டு மாவட்டம் கோவளமும், புதுச்சேரி ஈடன் கடற்கரையும் இதைப் பெற்றன. கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் பலர் சர்ஃபிங் பயிற்சியாளர்களாகவும் சம்பாதிக்கிறார்கள்.

காரங்காட்டில் என்ன ஸ்பெஷல்?

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி அருகே உள்ள கடலோரக் கிராமம் காரங்காடு. இங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் படகு சவாரி, கயாக் பயணம் போகலாம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துவதுதான் இதன் சிறப்பு. காடு இருந்தால்தான் சவாரி, சவாரி இருந்தால்தான் வருமானம். அதனால் காட்டைக் காப்பது ஊருக்கே லாபம்.

மீனவர்களின் கவலை என்ன?

நமக்கு பீச். அவர்களுக்கு அதுதான் படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் ஏலம் விடும் இடம். அழகுபடுத்தும் பெயரில் வேலி வந்தால் தொழில் என்னாவது என்பதே கேள்வி. ரிசார்ட்டில் வேலை கிடைத்தாலும், கரை கைவிட்டுப் போனால் அது ஈடாகாது.

கடல் தாங்குமா?

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் 2 ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது இதற்கு முக்கியக் காரணம். சென்னைக் கடற்கரைகளில் ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். கரையோர விளக்கு வெளிச்சம், குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுத்துவிடும்.

போறவங்க கவனிக்க வேண்டியது

* உள்ளூர் மக்கள் நடத்தும் படகையே தேர்ந்தெடுங்கள்.
* லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.
* பவளத் துண்டுகளை எடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.
* கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும் வெற்றியல்ல. டிக்கெட் காசில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.