இலண்டன் மணிக்கூண்டும் ஈப்போ மணிக்கூண்டும்

நாம் சிறு பிராயத்தில் ஈப்போவில் ஆங்கிலத்திலேயே கல்வி பயின்றவர்கள். தேம்ஸ் நதியின் வளைவுகளையும், அதன் பாலங்களின் பெயர்களையும், அரசர்களின் வரிசையையும் நாம் மனப்பாடமாக ஒப்பித்ததுண்டு. கிந்தா ஆறோ நம் ஊரின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் இந்நகரை எழுப்பியவர் யாவர் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்டோமில்லை. இப்பொழுது இரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து பிழைக்கிறோம். ஓய்வு நாளில் பழைய நகரத்து மணிக்கூண்டின் கீழ் நிற்கும்பொழுது, அன்று கேளாத கேள்வி இன்று மனத்தை உறுத்துகிறது.

முதலில் இலண்டனைப் பார்ப்போம். கி. பி. முதல் நூற்றாண்டில் ரோமர்கள் தேம்ஸ் கரையில் அமைத்த லண்டினியம் என்னும் வியாபாரத் துறையே அதன் தொடக்கம். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து வென்ற வில்லியம், நகரத்தாரை அடக்கி வைக்கக் கட்டிய கோட்டையின் வெண்கோபுரம் இன்றும் நிற்கின்றது. 1666-ம் ஆண்டில் ஒரு ரொட்டிக்கடையில் பற்றிய நெருப்பு நான்கு நாள் எரிந்து 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் விழுங்கிற்று. அதன்பின் கிறிஸ்டோபர் ரென் என்னும் சிற்பி எழுப்பியதே இன்றுள்ள புனித பவுல் பேராலயம். இவை எல்லாம் பள்ளிப் புத்தகங்களில் உள்ள செய்திகளே.

புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் செய்தி ஒன்றுண்டு. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. இங்கிலாந்தின் பொக்கிஷக் கணக்கு பல நூற்றாண்டுகளாகக் காகிதத்தில் மட்டும் இருந்ததன்று; மரக்குச்சிகளில் வெட்டப்பட்டது. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு; நூறு பவுனுக்குப் பெருவிரல் அகலம்; இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். பின்னர்க் குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவன் கையில் ஒரு பாதி, வாங்கியவன் கையில் ஒரு பாதி. இரண்டும் பொருந்தினாலன்றிக் கணக்குத் தீராது. நம் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை!

இம்முறை 1826-ல் ஒழிந்தது. மூலையில் குவிந்து கிடந்த குச்சிகளை எரித்துவிடத் தீர்மானித்தார்கள். ஏழைகளுக்கு விறகாகவாவது கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. 1834-ம் ஆண்டு அக்டோபர் 16-ல் பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் அவற்றைத் திணித்தார்கள். புகைப்போக்கிகள் அளவு கடந்து காய்ந்தன. அன்றிரவே பார்லிமெண்டு மாளிகையின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பழைய கணக்கை எரிக்கப்போய்ச் சட்டமியற்றும் வீட்டையே எரித்துக்கொண்டார்கள். அச்சாம்பலின்மேல் சார்லஸ் பாரி என்பவரும் பியூஜின் என்பவரும் வகுத்த புதிய மாளிகையின் ஓர் அங்கமே, ‘பிக் பென்’ மணி தொங்கும், உலகறிந்த அந்த மணிக்கூண்டு. 13 டன்னுக்கு மேற்பட்ட அம்மணி 1859-ம் ஆண்டு ஜூலையில் ஒலிக்கத் தொடங்கி, செப்டம்பரிலேயே விரிசல் கண்டது. விரிசலோடுதான் இன்றும் ஒலிக்கிறது.

நிற்க. நம் ஈப்போவுக்கு வருவோம். காட்டுவாசிகளான ஓராங் அஸ்லி மக்கள் தம் ஊதுகுழல் அம்புகளில் தடவும் நஞ்சைத் தரும் மரத்தின் பெயரே ஈப்போ. அதுவே ஊருக்கும் பெயராயிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணில் கிடைத்த வெள்ளீயம் இவ்வூரை ஊராக்கியது. 1892-ல் இங்கும் ஒரு பெருந்தீ மூண்டு ஊரில் பாதிக்கு மேல் அழிந்தது. அதன் பின்னரே வீதிகள் நேர்கோடாக வகுக்கப்பட்டன. 1937-ல் பேராக்கின் தலைநகர் தைப்பிங்கிலிருந்து இங்கு மாறியது. ஹப்பாக் என்னும் ஆங்கிலேயச் சிற்பி வகுத்த வெண்ணிற இரயில் நிலையம், முதல் உலக யுத்தத்தினால் தாமதப்பட்டு, 1917-ல் முடிந்தது. இலண்டனில் மழைக்கு ஒதுங்கும் கட்டடங்களுக்கில்லாத கும்மட்டங்களை இங்கே ஏன் வைத்தார் என்று சிலர் நகைப்பர். நமக்கென்னவோ அது அழகாகவே தோன்றுகிறது.

மணிக்கூண்டு 1909-ல் எழுந்தது. பேராக்கின் முதல் ரெசிடெண்டாகிய ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் என்பவரின் ஞாபகச் சின்னம் அது. அவர் இலங்கையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு இப்பக்கம் வந்தவர். கடனடிமை முறையை ஒழிக்க முயன்றார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்நாட்டாரின் பாஷையையும் வழக்கத்தையும் பொருட்படுத்தாமல், பிரதானிகளின் வரிவசூல் உரிமையைப் பறிக்கப்போய், 1875-ம் ஆண்டு நவம்பர் 2-ல் பாசீர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையிலேயே குத்துண்டு மாண்டார். அதற்காக மகாராஜா லேலா 1877-ல் தூக்கிலிடப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்றபின் மணிக்கூண்டை ஒட்டிய வீதிக்கு அந்த மகாராஜா லேலாவின் பெயரையே சூட்டினர். செத்தவரின் கூண்டு, கொன்றவரின் வீதி, இரண்டும் அருகருகே.

கூண்டின் நான்கு புறத்திலும் மானிட நாகரிகத்தை வளர்த்தவர்களென 44 பேருடைய உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். மோசே உண்டு, புத்தர் உண்டு, ஷேக்ஸ்பியர் உண்டு, டார்வின் உண்டு. மேலே விசுவாசம், நீதி, பொறுமை, மனவுறுதி என நான்கு பெண் உருவங்கள். இடுப்பளவு நீரில் நின்று ஈயமணல் அரித்த சீனன் எங்கே? 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் இரயில் பாதையைப் போட்ட இலங்கைப் பயனியர் படையின் தமிழன் எங்கே? 1910-ல் இலண்டன் மின்சிங் லேனில் இரப்பர் இராத்தல் ஒன்றுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போனபொழுது, சென்ட் கணக்கில் கூலி வாங்கிப் பால்மரம் வெட்டியவள் எங்கே? நாற்பத்துநான்கில் ஒருவரேனும் இவர்களில் இல்லை.

பத்து காஜாவுக்கு அருகே கெல்லி ஸ்மித் துரை கட்டத் தொடங்கிய மாளிகையை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். 1915-ல் தொடங்கிய அவ்வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களும் கூலிகளும் வரவழைக்கப்பட்டனர். விஷக்காய்ச்சல் பரவி அவர்களில் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்றார்கள். துரையும் இசைந்து கட்டிக் கொடுத்தார். நன்றியால் அவர்கள் கோயிலின்மேல் தேவதைகளுக்கிடையே துரையின் உருவத்தையும் நிறுத்தினார்கள். துரை 1926-ல் போர்ச்சுகலின் தலைநகராகிய லிஸ்பனில் காலமானார், மாளிகை முற்றுப்பெறவில்லை. மாண்ட கூலிகளுக்கு அங்கே உருவம் இல்லை. நம்மவர் கையால் செய்த இடத்திலுங்கூட நம்மவரை வைக்க நமக்குத் தோன்றவில்லை.

பிறரைச் சொல்லிப் பயனென்ன? நாம் பணிபுரியும் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஆபீசு அறையைக் காலி செய்யும்படி உத்தரவாயிற்று. அலமாரியில் செல்லரித்த செக்ரோல் புத்தகங்கள் கிடந்தன. காடழித்தவர், கன்று நட்டவர், பால் வெட்டியவர் அனைவரும் பெரட்டில் பேர் கொடுத்த புத்தகங்கள். அவற்றைக் கொளுத்தச் சொன்னார்கள். கொளுத்தியது நாமேதான். வெஸ்ட்மின்ஸ்டர்க் குச்சிகளின் கதையை அப்பொழுதே நாம் படித்திருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஒரு புத்தகம் மட்டும் நெருப்புக்குத் தப்பியது. அதுவும் நம் விவேகத்தாலன்று, மேசைக் கால் ஆடாமலிருக்க அடியில் வைத்திருந்ததால். ஒரே பெயருடையோர் பலராகையால் பெயரின்பின் ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்டிருக்கிறது. எதிரே முழுநாள், அரைநாள், ஆஸ்பத்திரி. சிலர் பெயர் மாத நடுவில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது, காரணம் எழுதவில்லை. இரவில் சிறிது சிறிதாக அப்பெயர்களைப் படியெடுத்து வருகிறோம். இதுவரை பாதிப் புத்தகம் முடிந்தது.