கல்லாகிப்போன சரக்கு

நியூசிலாந்தின் தென் தீவில், டனீடின் நகரிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் கொயெகோஹே என்ற கடற்கரை வரும். அந்த மணலில் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. சில முக்கால்வாசி புதைந்தவை, சில முழுதாக வெளியே தெரிபவை. சிறியவை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே நிற்கும். பெரியவை ஆள் உயரத்தையும் தாண்டி 2 மீட்டருக்குச் சற்று மேலேயே போகும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஏற்றத்தின்போது போனால் பாதிக் கற்கள் தண்ணீருக்குள் இருக்கும்.

இவற்றை உலகம் 'மொயெராக்கி போல்டர்ஸ்' என்கிறது. மொயெராக்கி என்பது இந்தக் கற்களின் பெயர் கிடையாது. தெற்கே சற்றுத் தள்ளி இருக்கும் மீனவச் சிற்றூரின் பெயர் அது. 1836இல் அங்கே திமிங்கில வேட்டைக்காரர்கள் முகாம் போட்டார்கள். வெள்ளையர்களின் வாயில் அந்த ஊர்ப்பெயர் முதலில் பழகியது. பிறகு பக்கத்துக் கடற்கரையில் கிடந்த கல்லுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மாவோரி மொழியில் 'மொயெ' என்றால் தூக்கம். 'ராக்கி' என்றால் வானம். பகல் என்ற பொருளும் உண்டு. 'தூங்கும் வானம்' என்று சிலர் சொல்வார்கள், 'பகலில் படுத்துறங்கும் இடம்' என்று சிலர். இரண்டில் எது சரி என்பதைவிட எனக்குச் சுவையாகப்படுவது அந்த 'ராக்கி'யில் உள்ள ககரம். வடக்குத் தீவு மாவோரியில் இதே சொல் 'ராஙி'. வடக்கே 'ங' வரும் இடங்களில் தெற்கு வட்டாரப் பேச்சில் 'க' வரும். இந்தப் பகுதியின் இனக்குழுவே தன் பெயரை ஙாய் தாஹு என்றும் காய் தாஹு என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறது. நாட்டின் மிக உயர்ந்த மலை வடக்கு உச்சரிப்பில் அவோராஙி, தெற்கில் அவோராக்கி. 1840இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான இடம் வடக்கே வைத்தாஙி. தெற்கே ஓடும் பெரிய ஆறு வைத்தாக்கி. இரண்டும் ஒரே பெயர்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது. ககரமும் ஙகரமும் இன எழுத்துகள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இரண்டுக்கும் வாய்க்குள் பிறப்பிடம் ஒன்றே. மூச்சு மூக்கு வழியாகப் போகிறதா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. மூக்கை மூடிவிட்டால் 'ராஙி' 'ராக்கி'யின் பக்கம் வந்துவிடும். சொல்லின் முதலில் ஙகரம் வரும் மாவோரிப் பெயர்களைப் பார்த்து ஆங்கிலம் பேசுபவர்கள் திணறுவார்கள். நம் நெடுங்கணக்கிலோ அதற்கென்று ஓர் எழுத்தே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து 'போல்டர்'. இந்த ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளின் பக்கமிருந்து வந்தது. 'புல்லர்' என்றால் இரைச்சல், 'ஸ்டேன்' என்றால் கல். ஓடையின் நடுவே கிடந்து தண்ணீரை இரையவைக்கும் பெருங்கல்தான் 'புல்லர்ஸ்டேன்'. நாளடைவில் கல் என்ற பாதி உதிர்ந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. போல்டர் என்றதும் மனத்தில் வருவது தண்ணீர் உருட்டி உருட்டி மழுங்கடித்த கல். கொயெகோஹேயின் கற்களை எந்த ஆறும் உருட்டவில்லை, அலையும் உருட்டவில்லை. அவை உருண்டையாகவே வளர்ந்தவை.

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலின் அடித்தரை. அங்கே படிந்த சேற்றுக்குள் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிக் கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் சேற்றைப் பிடித்து இறுக்கத் தொடங்கியது. எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவியதால் உருண்டை வடிவம் வந்தது. 2 மீட்டர் கல் ஒன்று முழுதாக வளர ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பிறகு கடலடி உயர்ந்து நிலமாயிற்று. இன்று கரையோரத்து மண்மேட்டை அலை அரிக்க அரிக்க, இளகிய களிமண் கரைந்து போக, கல் மட்டும் வெளியே வந்து மணலில் விழுகிறது. மேட்டின் சரிவில் பாதி எட்டிப் பார்த்தபடி இருக்கும் கல்லை இன்றும் காணலாம்.

நிலவியலாளர் இதைக் 'கன்கிரீஷன்' என்கிறார். சேர்ந்து வளர்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். நம் வீட்டுக் கூரையில் ஊற்றும் கான்கிரீட் அதன் உடன்பிறப்பு. பொருளளவிலும் உறவு தொலைவில்லை. இங்கே சேறு, அங்கே மணலும் ஜல்லியும். இரண்டிலும் ஒரு பசை ஊறி இறுகுகிறது. போல்டர் என்ற சொல்லைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

இந்தக் கற்களில் பலவற்றின் மேல் கோடுகள் பின்னிக்கிடக்கும். உள்ளே ஏற்பட்ட வெடிப்புகளில் பழுப்பும் மஞ்சளுமாகக் கால்சைட் நிரம்பி உண்டான நரம்புகள் அவை. கல்லின் உட்புறம் இளகலானது, வெளி ஓடுதான் கெட்டி; அதனால் உடைந்த கல்லைப் பார்த்தால் அறை அறையாகத் தடுத்த கூடுபோல் இருக்கும். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மாவோரிப் பெயருக்கு வரலாம்.

அந்தப் பெயர் கைஹீனாக்கி. 'கை' என்றால் உணவு, உண்ணுவதும் அதுவே. 'ஹீனாக்கி' என்பது விலாங்கு பிடிக்கும் பறி. கொடிகளால் முடைந்த நீண்ட கூடு. புனல்போல் குறுகும் வாய் வழியே விலாங்கு உள்ளே போகலாம், திரும்ப முடியாது. நம் ஊர் வாய்க்காலில் பறி போடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். உணவுக் கூடைகள் என்று இந்தப் பெயருக்கு வழக்கமாகப் பொருள் சொல்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன 'ங–க' விதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஹீனாக்கியை 'ஹீனாஙி' ஆக்கிவிடக் கூடாது. இந்தக் ககரம் பிறவிக் ககரம், வடக்கிலும் அது ஹீனாக்கிதான். விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரியாதவர் சொல்லாராய்ச்சியில் இறங்கினால் விபரீதம்தான்.

பெயருக்குப் பின்னால் உள்ள கதை இது. ஆராய்தெவுரு என்ற பெருந்தோணி தொலைதூரத் தாயகத்திலிருந்து தெற்கு நோக்கி வந்தது. மொயெராக்கிக்குத் தெற்கே மத்தக்காயெயா முனையருகே உடைந்தது. தோணியின் உடல் அங்கேயே பாறைத் திட்டாயிற்று. ஏறி வந்தவர்கள் உள்நாட்டுக் குன்றுகள் ஆனார்கள். அந்தக் குன்றுகள் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன. சரக்கு மட்டும் கரை ஒதுங்கிக் கல்லானது: விலாங்குப் பறிகள், தண்ணீர் கொண்டுவந்த சுரைக்குடுக்கைகள், கூமாரா கிழங்குகள்.

கூமாரா என்பது நமது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வெப்பநிலத்துக் கிழங்கு அது. மாவோரிகள் அதைக் குளிர்நாட்டுக்கு எடுத்துப்போய், குழிகளில் சேமித்து, பல தந்திரங்கள் செய்து பயிரிட்டார்கள். ஐரோப்பியர் வந்த காலத்தில் அதன் தெற்கு எல்லை கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய பேங்க்ஸ் தீபகற்பத்தின் பக்கம். மொயெராக்கி அதற்கும் வெகு தெற்கே. கூமாரா ஏற்றிவந்த தோணி கூமாரா விளையாத கரையில் உடைந்தது என்றும், கிழங்கு கல்லாகிப்போனது என்றும் ஒரு கதை சொன்னால், அது ஒரு வேளாண்மைச் செய்தி. அண்மையில் டனீடினுக்குச் சற்று வடக்கே பூராகௌனுயியில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிழங்குச் சேமிப்புக் குழிகளை அகழாய்வாளர் இனங்கண்டபோது இந்த எண்ணம் எனக்கு இன்னும் வலுத்தது. யாரோ அவ்வளவு தெற்கே கொண்டுபோய் முயன்றிருக்கிறார்கள், முயற்சி நிலைக்கவில்லை.

கூமாரா என்ற சொல்லுக்கும் ஒரு பயணம் உண்டு. தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் இதே கிழங்குக்குக் 'குமார்', 'குமால்' போன்ற பெயர்கள் இருந்தன. கிழங்கின் பிறப்பிடம் அமெரிக்கா. ஆகவே பாலினீசியக் கடலோடிகள் கிழங்கோடு பெயரையும் எடுத்துவந்தார்கள் என்று பலர் கருதுகிறார்கள், சிலர் தயங்குகிறார்கள். அதே கிழங்கு எதிர்த் திசையிலும் கப்பலேறியது. கரிபியத் தீவுகளின் 'பட்டாட்டா' ஸ்பானியர், போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து கிழக்கே வந்தது. சிங்களத்தில் 'பத்தல', யாழ்ப்பாணத்துத் தமிழில் 'வற்றாளங்கிழங்கு' ஆயிற்று. பசிபிக் வழியாக ஒரு பெயர், அட்லாண்டிக் வழியாக இன்னொரு பெயர். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி 'குமரனும் கூமாராவும் ஒன்றே' என்று கிளம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கிழங்கை அவித்துக் கொடுக்கலாம்.

இந்தக் கடற்கரையை 1848இல் வால்டர் மான்டெல் ஓவியமாகத் தீட்டினார். இகுவானடான் என்ற தொல்விலங்குக்குப் பெயரிட்ட கிடியன் மான்டெலின் மகன். படம் வெலிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் இருக்கிறது. இன்று இருப்பதைவிட அதிகக் கற்கள் அதில் தெரிகின்றன. தூக்க முடிந்தவற்றையெல்லாம் பின்னால் வந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அதே ஆண்டில் ஙாய் தாஹுவிடமிருந்து சுமார் 2 கோடி ஏக்கரை வெறும் 2000 பவுனுக்கு அரசு எழுதி வாங்கியது. அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டிய நிலத்தை அளந்து கொடுக்க அனுப்பப்பட்டவரும் இந்த மான்டெல்தான். அளந்து கொடுத்தது துண்டுதுண்டாகக் கொஞ்சம். கல்லை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண் மனிதர்களின் தேவையைப் பார்க்கும்போது சுருங்கிவிட்டது. அந்த மனக்குறை மனுக்களாகவும் வழக்குகளாகவும் தலைமுறை தலைமுறையாக நடந்து, 1998இல் ஙாய் தாஹு உரிமைத் தீர்வுச் சட்டத்தில் முடிந்தது. இழப்பீடு 17 கோடி நியூசிலாந்து டாலர். அந்தத் தீர்வில் இடப்பெயர்களும் ஒரு பகுதி: பல இடங்களுக்கு இரட்டைப் பெயர் சட்டப்படி வந்தது. உயர்ந்த மலை அவோராக்கி மவுண்ட் குக் ஆயிற்று. கற்களின் அரசுமுறைப் பெயரிலும் இன்று போல்டர்ஸோடு கைஹீனாக்கி சேர்ந்து நிற்கிறது.

'கை' அதோடு நிற்கவில்லை. தோணி உடைந்ததாகச் சொல்லும் மத்தக்காயெயாவில், இதேபோன்ற, ஆனால் இன்னும் பழமையான ஓர் உருண்டைப் படிவுக்குள்ளிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் நீளக் கடல் ஊர்வன விலங்கு ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. 2002இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது கிரேக்கத்தையோ இலத்தீனையோ தேடாமல் 'கைஃபெகெயா கத்திகி' என்று மாவோரியிலேயே வைத்தார்கள். 'கத்திகியின் கணவாய் தின்னி' என்று பொருள்; கத்திகி அந்தக் கரையோர இடத்தின் பெயர். டனீடினில் ஒட்டாகோ அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. கடற்கரையில் ஏற்றம் வந்து கற்கள் மூழ்கத் தொடங்கினால், அடுத்து போக வேண்டிய இடம் அதுதான்.