சாட்சிக் கையொப்பமிட்ட செய்தித்தாள்

ஓர் இயந்திரமோ மின்சுற்றோ தன் வெளியீட்டைத் தானே அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளுமாறு அமைப்பதைக் கட்டுப்பாட்டுப் பொறியியல் என்பர். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இத்துறையினர் வைத்திருந்த குறிப்பேடு, சடங்குக்குரிய ஒழுங்கோடு எழுதப்பட்டது: தாள் கழலாதபடி தைத்து எண்ணிட்ட பக்கங்கள், நாள், எழுதியவரின் கையொப்பம், அதன்கீழ் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக உடன் பணியாற்றும் ஒருவர் இடும் சாட்சிக் கையொப்பம். முதலில் விண்ணப்பித்தவருக்கல்லாமல் முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை வழங்கும் சட்டம் அந்நாட்டில் 2013 வரை நிலவியதாலும், கண்டுபிடித்தவரின் சொல் மட்டுமே சான்றாக ஏற்கப்படாததாலும், ஒரு கருத்து எந்த நாளில் பிறந்தது என்பதை நிறுவ இந்தப் பக்கங்களே துணைநின்றன.

இவ்வழக்கத்தின் வலிமையைக் காட்டும் மிகச் சிறந்த சான்று ஒரு குறிப்பேட்டில் அல்ல, ஒரு செய்தித்தாளில் இருக்கிறது. 1921-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்த ஹெரால்ட் பிளாக் என்ற பொறியாளர், தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் தேய்ந்துபோகும் குரலை வழிநெடுக மீண்டும் வலுப்படுத்தும் பெருக்கிகளை ஆராய்ந்தார். ஒவ்வொரு பெருக்கியும் குரலை உயர்த்தும்போதே சிறிது திரித்தும் விடும். நூற்றுக்கணக்கான பெருக்கிகள் தொடராக நிற்கும்போது அத்திரிபுகள் சேர்ந்து பேச்சையே கெடுத்துவிடும். திரிபை மட்டும் பிரித்தெடுத்துக் கழித்துவிடும் சுற்று ஒன்றை அவர் 1923-இல் அமைத்தார். அது இயங்கியது, ஆனால் வெற்றிடக் குழாயின் இழை மின்னோட்டத்தை இரவும் பகலும் மணிக்கொரு முறை யாரேனும் சரிசெய்ய வேண்டியிருந்ததால் நடைமுறைக்கு உதவவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் விடை கிட்டாமலே கழிந்தன.

1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை, ஹட்சன் ஆற்றைக் கடந்து வேலைக்குச் செல்லும் படகில் பிளாக்குக்கு விடை தோன்றியது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால், பெருக்கும் திறனில் பெரும்பகுதி இழக்கப்படும். ஆனால் எஞ்சும் திறன் வெற்றிடக் குழாயின் தள்ளாட்டத்தைச் சாராமல், திருப்பிவிடும் பாதையிலுள்ள நிலையான மின்தடைகளையே சார்ந்திருக்கும், திரிபும் அதே அளவுக்குக் குறையும். எதிர்ப் பின்னூட்டம் என இன்று அறியப்படுவது இதுவே. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு பக்கத்தில் சுற்றின் படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையொப்பமிட்ட அவர், அலுவலகத்தை அடைந்ததும் ஏர்ல் பிளெசிங் என்ற உடன்பணியாளரிடம் அதைக் காட்ட, அவர் படித்துப் புரிந்துகொண்டு சாட்சியாகக் கையொப்பமிட்டார். தைத்த ஏடு கையில் இல்லாதபோதும் அந்த ஒழுங்கு பிளாக்கின் கையை விட்டு நீங்கவில்லை என்பதே இந்நிகழ்ச்சியில் போற்றத்தக்கது; நாளிதழ் என்பதால் தேதியும் அதில் முன்பே அச்சாகியிருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 29-இல் செய்த சோதனையில் திரிபு ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 டிசம்பர் 21-இல்தான் கிடைத்தது. பெருக்கியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பினால் சுற்று தானாகவே ஊளையிடத் தொடங்கும் என்பது அக்காலப் பொறியாளர்களின் பட்டறிவு. அதை ‘பாடுதல்’ என்றே அவர்கள் வழங்கினர். எனவே பெருந்திறனைத் திருப்பிவிட்டும் சுற்று அமைதியாக நிற்கும் என்ற கூற்றை நம்பப் பலர் தயங்கினர். சுற்று எப்போது பாடும், எப்போது நிலைத்து நிற்கும் என்பதை ஒரு வளைகோட்டின் போக்கிலிருந்தே கணிக்கும் விதியை ஹாரி நைக்விஸ்ட் என்ற பொறியாளர் 1932-இல் வெளியிட்டார். கட்டுப்பாட்டுப் பொறியியல் மாணவர்கள் இன்றும் அவ்வளைகோட்டை அவர் பெயராலேயே வரைகின்றனர்.