சின்னத்திரை தேய்ந்ததா?

தொலைக்காட்சியின் தரம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்து வருகிறது என்னும் குரல் கல்கத்தாத் தமிழர் இல்லங்களிலும் ஒலிக்கிறது. இது மெய்யா, அன்றி இளமை நினைவு செய்யும் மாயமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் அரும்பிய இந்தியத் தொலைக்காட்சி, 1975 ஆகஸ்டு 9 அன்று கல்கத்தாவிலும், ஆறு நாள் கழித்துச் சென்னையிலும் கால்கொண்டது. சென்னை நிலையத்தின் தமிழ் அந்நாளில் கங்கைக் கரையை எட்டவில்லை. 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. பின்னர் ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் முறைவைத்துக் காட்டப்பெற்றன. தமிழின் முறை வரும் நாளை நம்மவர் எதிர்நோக்கியிருந்தனர். அடியில் ஓடிய ஆங்கில வரிகளின் துணையால் வங்க அண்டை வீட்டாரும் நம் கதைகளை அறிந்தனர். அவர்தம் கதைகளை நாமும் அறிந்தோம்.

சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காக 1981இல் ஆக்கிய 'சத்கதி', 1988இல் வந்த கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்', அதே ஆண்டில் தொடங்கிய ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' ஆகியவை அக்காலத்தின் மணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுக்கிடையே வந்த அரசு விழாக்களையும் சோர்வூட்டும் உரைகளையும் இன்று நினைப்பார் யார்? நெல்லை நிறுத்திப் பதரைப் புடைத்துத் தள்ளும் முறமன்றோ நினைவு!

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தோன்றியது. 'மர்மதேசம்' போன்ற செறிவான தொடர்களை அளித்ததும் அத்தனியார் நிலையமே. எனவே, அரசினது உயர்ந்தது, தனியாரது தாழ்ந்தது எனல் பொருந்தாது. செய்தித்துறையிலும், அரசின் குரல் ஒன்றே ஒலித்த நிலை மாறிப் பல குரல்கள் எழுந்தன.

ஆனால் தொடர்கதையில் தேய்வு உண்மையே. 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகளில் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லி முடித்தது. பின்னாளில் வாரத் தொடர்கள் அருகி நாள்தொடர்கள் பெருகின. விளம்பர வருவாய் உள்ளவரை கதைக்கு முடிவில்லை; எழுதுவோர்க்கும் இயக்குவோர்க்கும் சிந்திக்க ஓய்வில்லை. ஒரு குடும்பப் பூசலே ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குறைந்தது கலைஞரின் திறனன்று; அவர்க்குக் கிடைக்கும் காலமே.

எனினும் நாம் இழந்தவற்றுள் பெரிது வேறொன்று. அன்று தமிழ் அரிதாயிருந்தது. ஆயினும் அண்டை வீட்டாரோடு ஒரே காட்சியைக் கண்டோம். இன்று தமிழ் இரவும் பகலும் நம் கூடத்தில் ஒலிக்கிறது; வங்காளத்தில் வாழ்ந்தும் வங்கக் கதைக்கு நம் திரையில் இடமில்லை. நம் பிள்ளைகள் கேட்கும் தமிழோ பெரும்பாலும் பூசலின் தமிழாயிருக்கிறது.

தெரிவு செய்யும் கருவி இன்று நம் கையிலுள்ளது. திங்களுக்கொரு நல்ல தமிழ்ப் படத்தையும் ஒரு நல்ல வங்கப் படத்தையும் பிள்ளைகளோடு அமர்ந்து காண்போமாக. தரம் என்பது காண்போர் கேட்டுப் பெறுவதுமாகும்.