பின்னோக்கிப் பாயும் நீர்

மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பாய்வதே நீரின் இயல்பு. இதனைக் குழந்தையும் அறியும். ஆனால் நகரத்துக் குழாய்களிலே அடைபட்ட நீர் மேடு பள்ளம் பார்ப்பதில்லை. அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி ஓடுகிறது. குழாயைத் திறப்பவர், நீர் என்றும் வெளியேதான் வரும் என்று நம்பியே திறக்கிறார். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஒரோவொரு வேளை பொய்த்தபோது, குடிநீர்க் குழாயே நஞ்சைச் சுமக்கும் வழியாக மாறியிருக்கிறது. அவ்வாறு நேர்ந்ததையும், அதனைத் தடுக்க மனிதர் கற்ற பாடத்தையும் கூறுவதே இந்த வரலாறு.

இதன் அடிப்படையான உண்மையை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1643ஆம் ஆண்டளவில் விளக்கினார். நம்மைச் சூழ்ந்துள்ள வளிக்கும் பாரமுண்டு. அப்பாரம், வெற்றிடமான குழாயொன்றினுள்ளே நீரை ஏறக்குறைய 34 அடி உயரத்துக்குத் தள்ளவல்லது. பப்பாசிக் குழலை இளநீரிலே இட்டு உறிஞ்சும் சிறுவன் செய்வதும் இதுவே. அவன் குழலின் மேல்முனையில் அமுக்கத்தைக் குறைக்கிறான். வெளியேயுள்ள வளி இளநீரை மேலே தள்ளுகிறது. தெருவின் பெருங்குழாயிலே அமுக்கம் குன்றினால், அக்குழாயும் அந்தச் சிறுவனைப் போலவே உறிஞ்சத் தொடங்கும். அதனோடு இணைந்த வீட்டுக் குழாயின் வாய் ஒரு வாளிக்குள்ளோ, குளிக்கும் தொட்டிக்குள்ளோ, மலகூடத்துக் கிண்ணத்துக்குள்ளோ அமிழ்ந்திருந்தால், அங்குள்ளதெல்லாம் குடிநீரிலே கலக்கும்.

குழாய்களில் எந்நேரமும் நீர் நிறைந்திருந்தால் இவ்வபாயம் குறைவு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நகரங்கள் பலவற்றில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே நீர் திறந்துவிடப்பட்டது. எஞ்சிய வேளையில் குழாய்கள் வெறுமையாயின. நீர் நின்றவுடன் குழாயினுள் வளி புகுந்தது. வளியோடு அழுக்கும் புகுந்தது.

இதனைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியவர் இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய அதிகாரியான ஜோர்ஜ் புக்கானன் ஆவார். 1873ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்வில் அன்ட் கீஸ் கல்லூரியிலே நெருப்புக் காய்ச்சல் தோன்றியது. நோயுற்ற மாணவரிற் பெரும்பாலோர் அண்மையிலே புதிதாகக் கட்டப்பட்ட ஒரு முற்றத்தில் வசித்தவர்கள். பழைய கட்டடங்களில் வாழ்ந்தோர் பெரிதும் தப்பியிருக்க, புதுக் கட்டடத்திலே நோய் குடிகொண்ட காரணம் யாது? புக்கானன் குழாய்களின் வழியைத் தொடர்ந்து சென்று பார்த்தார். குடிக்க நீர் தந்த குழாயே மலகூடங்களுக்கும் நேராக நீர் கொண்டு சென்றதையும், நீர் தடைப்பட்ட வேளைகளில் அசுத்தம் அவ்வழியே உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். நெருப்புக் காய்ச்சலின் கிருமியைக் கார்ல் எபேர்த் கண்டது 1880ஆம் ஆண்டிலேதான். கிருமியைக் காணுமுன்னரே அது வந்த வழியை ஒருவர் கண்டுகொண்டார் என்பது வியத்தற்குரியது. குடிநீர்க் குழாயை மலகூடத்தோடு நேரே இணைக்கலாகாது, இடையிலே தனித் தொட்டியொன்று இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இத்தகைய ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றது.

ஆயினும் பாடம் முற்றாகக் கற்கப்படவில்லை. ஒரு பேரிடர் வந்தே அதனை உலகுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. அது நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரம்.

குடிநீரின் தூய்மைக்காகப் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்ட நகரம் சிக்காகோ. அந்நகரத்தின் கழிவு ஒருகாலத்தில் ஆற்றின் வழியே மிச்சிக்கன் ஏரியிற் கலந்தது. அந்த ஏரியே நகரத்தாரின் குடிநீருக்கும் ஊற்று. ஆகவே 1900ஆம் ஆண்டிலே பெருங்கால்வாய் ஒன்றைத் திறந்து, ஆறு ஓடும் திசையையே மாற்றி, கழிவை ஏரிக்கு எதிர்ப்புறமாகச் செலுத்தினர். பின்னர் நீருக்குக் குளோரீனும் இட்டனர். ஓர் ஆற்றையே பின்னோக்கி ஓடச் செய்து குடிநீரைக் காத்த அந்நகரத்தில், கட்டடங்களுக்குள்ளே சிறு குழாய்களில் நீர் பின்னோக்கி ஓடியதனால் மக்கள் மடிந்தனர்.

1933ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி, நகரம் உருவாகி நூறாண்டு நிறைந்ததன் கொண்டாட்டமாக, 'முன்னேற்றத்தின் ஒரு நூற்றாண்டு' என்னும் பெயரோடு உலகப் பொருட்காட்சி தொடங்கியது. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். ஹோட்டல்கள் நிறைந்து வழிந்தன. அவற்றுள் இரண்டு, கொங்கிறஸ் ஹோட்டலும் ஓடிற்றோரியம் ஹோட்டலும். கொங்கிறஸ் ஹோட்டல் 1893ஆம் ஆண்டில் நடைபெற்ற முந்திய உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்டது. மற்றையது அதனினும் முந்தியது. காலந்தோறும் புதிய குளியலறைகளும் குழாய்களும் பழையவற்றோடு பொருத்தப்பட்டு வந்ததால், எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்பதை அறிவதே அரிதாயிற்று.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே அமீபா வயிற்றுளைவு நோய் அங்கே வெளிப்படத் தொடங்கியது. இந்நோய் உடனே தலைகாட்டுவதன்று. கிருமி உட்புகுந்து வாரங்கள் கழிந்த பின்னரே பலரிடம் அது தெரியவரும். அதற்குள் விருந்தினர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். ஒரே இடத்திலே நோயைப் பெற்றவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தனர். ஒவ்வொரு வைத்தியரும் கண்டது ஒருவரையோ இருவரையோதான். வெப்பநாட்டு நோயென்று எண்ணப்பட்ட வயிற்றுளைவை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. குடல்வால் அழற்சியென மயங்கிச் சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். அழற்சியால் நைந்த குடல் அதனைத் தாங்கவில்லை. புகழ்பெற்ற மேடைக் கலைஞரான ரெக்சஸ் கைனன் என்னும் பெண்மணி, சிக்காகோவிலிருந்து சென்று, நவம்பர் மாதம் 5ஆம் திகதி கனடாவின் வன்கூவர் நகரத்திலே இந்நோயால் இறந்தார். நவம்பர் 12ஆம் திகதி பொருட்காட்சியின் அவ்வாண்டுப் பருவம் நிறைவெய்தும் தறுவாயிலேயே நோயின் செய்தி நாட்டு மக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது. நகரச் சுகாதாரத் தலைவரான ஹேர்மன் பண்டசன், மக்களுக்கு முன்னரே எச்சரிக்கை செய்யவில்லையென்று கண்டிக்கப்பட்டார்.

தொடக்கத்தில் ஐயம் சமையற்காரர்மீதும் பரிமாறுவோர்மீதும் விழுந்தது. சோதித்தபோது அவர்களிற் பலரிடம் கிருமி இருக்கவும் கண்டனர். ஆயினும், அவர்கள் நோயைப் பரப்பியவர்களா, அன்றி விருந்தினரைப் போலவே நோய்க்கு ஆளானவர்களா என்ற வினா எழுந்தது. பணியாளரும் அதே நீரையே குடித்தனர் அல்லவா? இங்கே வைத்தியரின் நுண்ணோக்கியை விட்டு, பொறியியலாளரின் விளக்கு நிலவறைக்குள் இறங்கியது.

அவர்கள் கண்ட நிலை இரங்கத்தக்கது. இரு ஹோட்டல்களின் நீர்க் குழாய்களும் கழிவுக் குழாய்களும் பழுதுற்றிருந்தன. குளிர்ந்த குடிநீர் நிறைந்த தொட்டிக்கு மேலாகவே கசியும் கழிவுக் குழாய் சென்றது. நீர்க்குழாய்க்கும் கழிவுக் குழாய்க்கும் இடையே இணைப்புகள் காணப்பட்டன. குளியல் தொட்டிகளிலும் மலகூடங்களிலும் நீர் புகும் வாய், அழுக்கு நீரின் மட்டத்துக்குக் கீழே அமைந்திருந்தது. கீழ்த்தளங்களிலே பலர் ஒருங்கே நீரைத் திறக்கும்போது மேல்தளங்களில் அமுக்கம் குன்றும். அப்போது தொட்டி நீர் குழாய்க்குள்ளே ஏறும். அமீபாவின் உறைகொண்ட நிலை, வழக்கமான அளவு குளோரீனுக்கு எளிதில் அழிவதில்லை. ஆதலால் நகரசபை சுத்தி செய்து அனுப்பிய நீரும் அவர்களைக் காக்கவில்லை. 1,409 பேர் நோயுற்றனர். 98 பேர் உயிர் துறந்தனர். ஏரியும் தூயது, சுத்திகரிப்பும் முறையானது. பழுது இருந்தது கட்டடத்தின் சுவருக்குள்ளே.

இதன் பின்னரே பின்னோட்டம் ஒரு தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தது. அமெரிக்கத் தேசிய நியமப் பணிமனையைச் சேர்ந்த றோய் ஹண்டரும் அவருடைய துணைவரும் இக்குறுக்கிணைப்புகளைப் பற்றிய ஆய்வை 1938ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஓர் ஆய்வு நிலையம் 1944ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

அவர்கள் வலியுறுத்திய காவல்களுள் மிகச் சிறந்தது மிக எளியதும் ஆகும். குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே வெறும் வளி இருக்க வேண்டும். அவ்விடைவெளி குழாய்வாயின் அகலத்தைப் போல் இருமடங்கேனும் இருத்தல் வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் நீர் குழாயைத் தீண்டாது. தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. இவ்விடைவெளிக்கு வசதியற்ற இடங்களில், அமுக்கம் குன்றியவுடன் வளியை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும் அடைப்பான்களைப் பொருத்தினர். கொதிகலமும் பம்பியும் உள்ள தொழிற்சாலைகளில் அபாயம் வேறு வகையானது. அங்கே உள்ளமுக்கம் தெருக்குழாயின் அமுக்கத்தை வென்று அழுக்கை வெளியே தள்ளும். ஒருவழி அடைப்பான் ஒன்று மட்டும் அங்கே போதாது. ஒரு மணற்றுணுக்கை சிக்கினாலும் அது முற்றாக மூடாது. ஆகவே இரண்டு அடைப்பான்களை வைத்து, அவற்றின் நடுவே அமுக்கத்தைக் குறைத்துப் பேணி, பழுது நேர்ந்தால் நீரை வெளியே கொட்டிவிடும் வாயிலொன்றையும் அமைத்தனர். பழுதை மறைக்காமல் காட்டிக்கொடுப்பதே அக்கருவியின் சிறப்பு.

அறிவு வளர்ந்தும் கவனம் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு 1969ஆம் ஆண்டு சான்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்திலுள்ள ஹோலி குறொஸ் கல்லூரியின் பயிற்சி மைதானத்தில், நிலமட்டத்துக்குக் கீழே ஒரு குழியினுள் நீர்க்குழாய் இருந்தது. ஈரலழற்சி நோய் தொற்றிய சிறுவர்கள் அங்கே விளையாடினர். குழியில் அழுக்கு நீர் தேங்கியது. ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி நகரத்திலே தீப்பற்றியது. தீயணைப்போர் பெருமளவு நீரை இழுக்கவே, குழாயின் அமுக்கம் குன்றி, குழியின் நீர் உள்ளே ஏறியது. பயிற்சி முடித்துத் தாகத்தோடு வந்த காற்பந்து வீரர்கள் அதே குழாய் நீரைக் குடித்தனர். ஒரு மாதமளவில் வீரரும் பயிற்றுநருமாக 97 பேரில் 90 பேரை நோய் பற்றியது. இரண்டு ஆட்டங்களோடு அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. தீயை அணைத்தவரும் குற்றவாளியல்லர். விளையாடிய சிறுவரும் குற்றவாளியல்லர். குழிக்குள்ளே அமிழ்ந்த ஒரு குழாய்வாயைக் காவலின்றி விட்டதே குற்றம்.

பொதுக்குழாய் என்பது ஓர் ஊரின் எல்லா வீடுகளையும் ஒரே பாத்திரத்தில் நீரருந்தச் செய்வதாகும். ஒருவர் வீட்டுக் குழாயிலே மாட்டிய இறப்பர்க் குழாயின் நுனி, கிருமிநாசினி கரைத்த வாளிக்குள்ளே கிடக்குமானால், அது அவருடைய வாளியாக மட்டும் இருப்பதில்லை. அயலவரின் குவளையோடும் தொடர்புடையதாகிறது. நீர் இடைவிட்டு வழங்கப்படும் ஊர்களிலும், தெருக்குழாயிலே பம்பி பூட்டி நேராக நீரை இழுக்கும் வீடுகள் உள்ள இடங்களிலும் இவ்வபாயம் இன்னும் பெரிது. இறப்பர்க் குழாயின் நுனியை நீருக்கு மேலே தூக்கி வைத்தல், தொட்டிக்குள் நீர் விழும் குழாயை விளிம்புக்கு மேலே பொருத்துதல், கிணற்றுநீர்க் குழாயையும் நகரசபைக் குழாயையும் ஒன்றோடொன்று இணையாது பிரித்து வைத்தல் ஆகியவை செலவு மிக்க காரியங்கள் அல்ல.

சிக்காகோவில் மாண்ட 98 பேருக்கும், தாம் குடித்த தெளிந்த குளிர்நீரிலே ஐயுறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நிறமும் மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காத பகை அது. நீருக்கும் அழுக்குக்கும் இடையே இரண்டு விரற்கடை வளியை விட்டிருந்தால், அப்பகை குழாய்க்குள் நுழைந்திருக்கக்கூடிய வாயில்கள் பலவும் அடைபட்டிருக்கும்.