எட்டு வயதும் ஒன்பது வயதும்

முதுகலை மாணவியருக்குப் பெண்ணியம் நடத்தத் தொடங்கிய ஆண்டுகளில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவேன். 1792, பெண்ணுரிமைக்காக வாதாடிய நூல், முன்னோடி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். அந்நூலின் பன்னிரண்டாம் இயலை முழுதாக வாசித்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

நூலுக்கு ஓர் உடனடிக் காரணம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி மனித உரிமைகளை அறிவித்திருந்தது. 1791இல் தாலேராந் தேசிய சபையின் முன் வைத்த கல்வி அறிக்கையோ, பெண்பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி எட்டு வயதுவரை போதும், பிறகு வீடு என்றது. வுல்ஸ்டன்கிராஃப்ட் தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கி அவரோடு வாதிட்டார். சில ஆண்டுகளே பள்ளி சென்றவர்; 1784இல் லண்டனை அடுத்த நியூவிங்டன் கிரீனில் தங்கைகளோடும் தோழியோடும் பள்ளி நடத்தியவர்; அயர்லாந்தில் பிரபு வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். பெண்ணைக் கல்லாதவளாக வளர்த்துவிட்டு, அவளுக்குப் பகுத்தறிவு இல்லை என்பது என்ன நியாயம் என்பதே அவர் கேள்வி.

அவர் முன்வைத்த திட்டம் இது: அரசே பகல்பள்ளிகள் நிறுவ வேண்டும். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை கட்டணம் கூடாது. ஆணும் பெண்ணும், ஏழையும் பணக்காரரும் ஒன்றாக, ஒரே வகை உடையில் படிக்க வேண்டும்.

ஒன்பதுக்குப் பிறகு? வீட்டுவேலைக்கும் கைத்தொழிலுக்கும் போகவேண்டியவர்கள் வேறு பள்ளிக்கு. அங்கே பிற்பகலில் பெண்களுக்குத் தையல். திறமையோ செல்வமோ உடையவர்களுக்கு மொழிகள், அறிவியல், வரலாறு, அரசியல்.

தாலேராந் பெண்ணுக்குப் போட்ட கோட்டை அழித்தவர், ஏழைக்கு ஒரு கோடு போட்டுவிட்டார். திறமை என்ற சொல் ஏழைப் பிள்ளைக்கும் ஒரு வாசலைத் திறக்கிறது, உண்மைதான். ஆனால் பணக்காரப் பிள்ளை தன் திறமையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் தேவைப்பட்டது. பெண் என்பதாலா, ஏழை என்பதாலா என்று கேட்டால் சிரிப்பார். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வசதி அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வுல்ஸ்டன்கிராஃப்டை இப்போது இரண்டு வகுப்புகள் நடத்துகிறேன். ஒன்று, அவர் அழித்த கோட்டுக்கு. மற்றொன்று, அவர் போட்ட கோட்டுக்கு.